வீதிக்கு முன் வடிகான்: திருகோணமலைப் புறநகரில் சபையின் பாதீட்டுக்குள் உங்கள் ஒழுங்கையைக் கொண்டுபோவது எப்படி

ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்டாயிற்று என்று மகிழ்ந்த அதே சனம் அடுத்த மாரியில் முற்றத்துத் தண்ணீரை வாளியால் அள்ளிக் கொட்டுவது வளரும் ஊர்களில் வழமை. வீதி 15 சென்ரிமீற்றர் உயர்ந்தது, முற்றம் உயரவில்லை, இடையில் வடிகானும் இல்லை. காசு போதாமல் நடந்ததல்ல இது. வேலைகளின் வரிசை பிழைத்ததால் நடந்தது.

உப்புவெளி, அலஸ்தோட்டம், பாலையூற்று, அன்புவழிபுரம், ஆண்டாங்குளம், சாம்பல்தீவு என்று நகரைச் சுற்றிக் காணிகள் துண்டாகி மதில்கள் எழும் இடங்களில் இருப்பவர்கள் சபைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால், கை முதலில் எழுதுவது "எங்கள் வீதியைப் போட்டுத் தாருங்கள்" என்பதைத்தான். அந்த வரியை அடித்துவிட்டுத் தொடங்குங்கள். சரியான வரிசை இது: தண்ணீர் வடியும் வழி, அடுத்து நிலத்துக்கு அடியில் போகும் குழாய், அதன் மேல் வீதி, கடைசியாக விளக்கு. குழாய்க்கு முன் வீதியைப் போட்டால், ஆறு மாதத்தில் குடிநீர் இணைப்புக்காக அதே வீதியை வெட்டுவார்கள். வெட்டிய இடத்தை மண் போட்டு மூடிவிட்டுப் போனால் அந்தத் தழும்பில் இருந்துதான் வீதி உடையத் தொடங்கும்.

யாருடைய வீதி, யாருடைய குழாய்

பிழையான கந்தோருக்குப் போன கடிதம் பதில் இல்லாமல் ஒரு வருடத்தைத் தின்றுவிடும். ஆகவே முதலில் எல்லை. நகரத்தின் உட்பகுதி திருகோணமலை மாநகர சபைக்கு உரியது. அதைச் சுற்றிய புறநகரின் பெரும்பகுதி 'பட்டினமும் சூழலும்' என்ற பெயருள்ள பிரதேச சபைக்குள் வரும். நிலாவெளிக்குப் போனால் குச்சவெளிப் பிரதேச சபை. பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. செயலகம் மத்திய அரசின் நிர்வாகக் கந்தோர். காணி, அடையாள அட்டை, நிவாரணம் போன்றவை அங்கே. குப்பை, உள்வீதி, வடிகான், வீதி விளக்கு, கட்டட அனுமதி எல்லாம் சபையில். உங்கள் வீடு எந்தச் சபைக்குள், எந்த வட்டாரத்துக்குள் என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வீதியின் வகுப்பு. ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. கொழும்புப் பக்கம் போகும் ஏ-6, அநுராதபுரம் போகும் ஏ-12, மட்டக்களப்பு போகும் ஏ-15 மூன்றும் அதில் அடங்கும். சி, டி வகுப்பு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்சமுள்ள உள்வீதிகளும் ஒழுங்கைகளும் சபைக்கு. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: அந்த ஒழுங்கை சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்க வேண்டும். காணி பிரித்து விற்றவர் விட்டுச்சென்ற தனியார் பாதை பதிவேட்டில் இராது. அதில் சபைப் பணத்தைச் செலவழித்தால் கணக்காய்வு கேள்வி கேட்கும் என்பதால், தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீடு எழுதவே தயங்குவார். பல வருடமாக "பார்க்கிறோம்" என்ற பதில் மட்டும் வரும் ஒழுங்கைகளில் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான். பாதையின் இரு பக்கக் காணிக்காரரும் சம்மதித்து, நில அளவை வரைபடத்துடன் பாதையைச் சபைக்குக் கையளித்தால் அது பதிவேட்டில் ஏறும். ஒரே ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தாலும் வேலை அங்கே நின்றுவிடும். கையெழுத்துச் சேர்ப்பதை மாரிக்கு முன்னரே முடித்துவிடுங்கள்.

குடிநீர்க் குழாய் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையினுடையது. மின்கம்பம் மின்விநியோக நிறுவனத்தினுடையது. அதில் தொங்கும் வீதி விளக்கைப் பராமரிப்பது உள்ளூராட்சி சபை. வடிகானைக் கடலிலோ களப்பிலோ கொண்டுபோய் விடுவதானால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். உயர் நீர்மட்டக் கோட்டில் இருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். உப்புவெளியில் எத்தனையோ ஒழுங்கைகள் அதற்குள்தான் இருக்கின்றன. கரையோர வேலைகள் கடைசி நேரத்தில் நின்றுபோவதற்கு இந்த அனுமதியை மறப்பது ஒரு பெரிய காரணம்.

தண்ணீரை அளந்து காட்டுங்கள்

"வெள்ளம் வருகிறது" என்பது முறைப்பாடு. "இந்த மூலையில் இருந்து அந்த மதகு வரை 240 மீற்றர், விழுக்காடு 60 சென்ரிமீற்றர், இடையில் மூன்று வாசல் தடுப்புகள்" என்பது வேலைத்திட்டம். விழுக்காடு என்பது இங்கே நிலம் இறங்கும் அளவு. இரண்டாவதை எழுத உங்களுக்கு வேண்டியவை உள்ளே தண்ணீர் தெரியும் 12 மீற்றர் பிளாஸ்ரிக் குழாய், ஒரு அளவு நாடா, இரண்டு நேரான தடி, ஒரு கொப்பி. மேசன்மார் மட்டம் பிடிக்கும் அதே முறைதான். குழாயில் காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு தடிகளிலும் நீர்மட்டத்தைக் குறித்து, நிலம் வரை அளந்தால் இரு இடங்களுக்கும் இடையிலான உயர வித்தியாசம் கிடைக்கும். 10 மீற்றருக்கு ஒரு தடவை இப்படியே நகர்ந்து போங்கள். காலை வேளையில் செய்யுங்கள். வெயில் ஏறினால் குழாயின் ஒரு பக்கம் சூடாகி அளவு பிசகும்.

சபை வடிகானுக்கு 300க்கு 1 விழுக்காடு நல்லது, அதாவது 100 மீற்றருக்கு 33 சென்ரிமீற்றர். 500க்கு 1 வரை சமாளிக்கலாம். அதற்கும் தட்டையானால் தண்ணீர் ஓடும், மணல் ஓடாது. 45 சென்ரிமீற்றர் அகலமும் 45 சென்ரிமீற்றர் ஆழமும் உள்ள கொங்கிறீட் வடிகான் 300க்கு 1 விழுக்காட்டில் நொடிக்கு ஏறக்குறைய 220 லீற்றரைக் கொண்டுபோகும். அதில் பாதி ஆழத்துக்கு மணல் நிறைந்தால் மிஞ்சுவது 110 அல்ல, சுமார் 90 லீற்றர்தான். பாதி அடைத்த வடிகான் தன் திறனில் ஐந்தில் மூன்று பங்கை இழக்கிறது. துப்புரவுக்குப் பணம் ஒதுக்குவது புது வடிகான் கட்டுவதற்குச் சமமான வேலை என்று சபைக்குச் சொல்ல இந்த ஒரு கணக்கே போதும்.

எவ்வளவு தண்ணீர் வரும்? ஒரு ஹெக்டேயர் என்பது ஏறக்குறைய 395 பேர்ச். அதில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 10 இலட்சம் லீற்றர், 10,000 லீற்றர் பவுசரில் ஏற்றினால் 100 பவுசர். முன்பு அந்த இடம் பனையும் பற்றையுமாக இருந்தபோது மணல் அதில் பெரும்பங்கைக் குடித்தது. இப்போது கூரை, சீமெந்து முற்றம், இன்டர்லொக் கல். குடிப்பதற்கு நிலம் மிச்சமில்லை. கடற்கரை மணலிலும் ஒரு பொறி இருக்கிறது: ஐப்பசியில் நன்றாக உறிஞ்சும் அதே மணல், கார்த்திகையில் கிணற்றுத் தண்ணீர் மேலே ஏறியதும் ஒரு துளியும் வாங்காது. ஆகவே உறிஞ்சு குழி போதுமா என்று கோடையில் சோதித்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

வடிகான் எங்கே போய் முடிகிறது என்பதையும் வரைபடத்தில் காட்ட வேண்டும். முடிவிடம் இல்லாத வடிகான் அடுத்த வட்டாரத்துக்கு வெள்ளத்தை அனுப்பும் குழாய். கடல் முகத்தில் மணல் திட்டு அடைத்தால் மேலே எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் பயன் இல்லை. அந்த மணலை யார், எந்த மாதத்தில் வெட்டுவது என்பதையும் கோரிக்கையில் ஒரு வரியாகச் சேருங்கள். இதற்கு வேண்டியது ஒரு பெக்கோவும் சில மணி நேரமும்தான். கேட்காவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.

சுவரில் வெள்ளம் நின்ற கறையைச் சுண்ணாம்பு வைத்துக் கழுவுவதற்கு முன் அளவு நாடாவுடன் படம் எடுங்கள். 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயல் காலத்துப் படங்கள் யாரிடமாவது இருந்தால் திகதியுடன் சேர்த்து வையுங்கள்.

மாரியும் நிதியாண்டும்

சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். திருகோணமலையின் பெருமழையோ ஐப்பசி நடுவில் தொடங்கி மார்கழி வரை. வெள்ளத்தைக் கண்டு கோபப்பட்டு நவம்பரில் கடிதம் கொடுத்தால் அடுத்த வருடப் பாதீடு ஏற்கெனவே எழுதி முடிந்திருக்கும். பணம் ஒதுக்கி, மதிப்பீடு எழுதி, விலைமனு கோரி, ஒப்பந்தம் கொடுக்கும் வேலை இழுபட்டு செப்ரெம்பருக்குப் போனால், குழி வெட்டும் போதே மழை வந்துவிடும். கொட்டும் மழையில் போட்ட கொங்கிறீட்டின் சீமெந்து பாதி வாய்க்காலோடு போகும்.

ஆகவே இப்படி வையுங்கள். மாரி முடிந்த தை, மாசியில் அளவெடுப்பு. சித்திரைக்குள் கையெழுத்தும் வரைபடமும். ஜூன், ஜூலையில் கோரிக்கை சபையின் உள்வரும் பதிவில் ஏறி இலக்கம் வாங்கியிருக்க வேண்டும். ஓகஸ்ட், செப்ரெம்பரில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நேரில் வந்து பார்க்க வேண்டும். அவர் வரும்போது ஒழுங்கையின் தண்ணீர்ப் பாதையை நடந்து காட்ட ஒருவர் நிற்க வேண்டும். பாதீடு சபையில் விவாதிக்கப்பட்டு டிசம்பருக்குள் நிறைவேறும். அதற்கு முன் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அந்த நாட்களில் போய், உங்கள் வேலை எந்தத் தலைப்பின் கீழ், எவ்வளவு தொகையுடன் இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். "சேர்த்திருக்கிறோம்" என்ற வாய்ச்சொல்லை நம்பி வீட்டில் இருந்தவர்கள் ஜனவரியில் பட்டியலில் தங்கள் ஒழுங்கையைத் தேடுவார்கள்.

நிறைவேறிய பிறகு, கச்சான் காற்று வீசும் மே முதல் ஓகஸ்ட் வரைக்குள் வேலை முடியும்படி விலைமனுவை மார்ச்சுக்குள் கோரச் சொல்லி இரண்டாவது கடிதம் கொடுங்கள். பழைய வடிகான்களின் துப்புரவு புரட்டாசி முடிவதற்குள் முடிய வேண்டும். அள்ளிய மணலைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் முதல் மழை அதைத் திரும்ப உள்ளே தள்ளும். அன்றே டிப்பரில் ஏற்ற வேண்டும்.

காசு எங்கே இருக்கிறது

"சபையில் காசு இல்லை" என்ற பதில் வரும்போது கேட்க வேண்டியது முத்திரைத் தீர்வை. காணி விற்பனை உறுதி எழுதும்போது முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 வீதமும் அதற்கு மேல் 4 வீதமும் செலுத்துகிறோம். 50 இலட்சம் ரூபா காணிக்கு இது 199,000 ரூபா. மாகாணம் வசூலித்து, காணி அமைந்துள்ள உள்ளூராட்சி சபைக்குக் கொடுக்க வேண்டிய பணம் இது. காணி வியாபாரம் சூடாக நடக்கும் புறநகர்ச் சபைக்கு இதைவிடப் பொருத்தமான வருமானம் இல்லை: ஊரை நெரிசலாக்கும் விற்பனையே அந்த நெரிசலுக்கான வடிகானுக்கும் பணம் கொடுக்கிறது. அந்தப் பணம் மாகாணத்தில் இருந்து எந்த ஆண்டு வரைக்கும் வந்து சேர்ந்தது, எவ்வளவு பாக்கி, வந்ததில் எவ்வளவு வடிகானுக்குப் போனது என்று கேளுங்கள்.

மற்றது சோலைவரி, அதாவது வீடு காணிக்குச் சபை அறவிடும் வருட வரி. பிரதேச சபையில், அபிவிருத்தியடைந்த பகுதியாக வெளிப்படுத்தப்பட்ட இடத்தில்தான் அது அறவிடப்படும். வீடுகள் நிறைந்தும் இன்னும் வெளிப்படுத்தப்படாத பகுதிகளில் சேவை கேட்கும் குரல் பலவீனமாகவே இருக்கும். வரி வேண்டாம் என்று ஒதுங்குவதைவிட, வரிக்குள் வந்து வேலையைக் கேட்பது நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. வருட வரியை ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு. கோரிக்கைக் கடிதத்துடன் ஒழுங்கையின் வரிப் பற்றுச்சீட்டுப் பிரதிகளை இணைத்துப் பாருங்கள். பேச்சின் தொனியே மாறும்.

கோரிக்கையும் பின்தொடர்தலும்

தனியாள் கடிதத்தைவிடப் பதிவுபெற்ற சனசமூக நிலையத்தின் அல்லது கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தீர்மானத்துக்கு எடை அதிகம். மாதர் சங்கத்தையும் சேருங்கள். வெள்ளத்துக்குள் சமைத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புபவர்களின் விவரம்தான் கடிதத்தில் நிற்க வேண்டியது. இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பக்கத்தில் வீதியின் பெயர், பதிவேட்டு நிலை, நீளம், அகலம், விழுக்காடு, பயன்பெறும் வீடுகள், பாடசாலை அல்லது மருந்தகம் இருந்தால் அதுவும். இரண்டாம் பக்கத்தில் கையால் வரைந்த வரைபடம், நீர் ஓடும் திசைக்கு அம்புக்குறி. ஒரு கடிதத்தில் ஒரே ஒரு வேலை. வடிகான், விளக்கு, விளையாட்டு மைதானம், நாய்த்தொல்லை நான்கையும் ஒன்றாக எழுதினால், எளிதான விளக்கை மாற்றிவிட்டுக் கோவையை மூடுவார்கள்.

பிரதேச சபையானால் கடிதம் தவிசாளருக்கு, அதன் நகல் செயலாளருக்கு. மாநகர சபையானால் கடிதம் முதல்வருக்கு, நகல் ஆணையாளருக்கு. வட்டார உறுப்பினருக்கு ஒன்று. கட்சிப் பட்டியலில் வந்த உறுப்பினர்களையும் விடாதீர்கள், அவர்களுக்கும் சபையில் அதே ஒரு வாக்குத்தான். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து 2025 மே மாதத் தேர்தல் வரை உறுப்பினர்களே இருக்கவில்லை. அதற்கு முன் கொடுத்த கடிதம் கோவையில் உயிரோடு இருக்கும் என்று எண்ண வேண்டாம். புதிதாகக் கொடுங்கள், பழையதன் பிரதியை இணையுங்கள். மாதாந்த அமர்வைப் பார்வையாளராகப் போய்ப் பார்க்கலாம். உங்கள் விடயம் கூட்ட அறிக்கையில் எந்தச் சொற்களில் ஏறியது என்பது முக்கியம்: "கவனத்தில் எடுக்கப்பட்டது" என்றால் ஒன்றும் நடக்காது, "மதிப்பீடு தயாரிக்கத் தீர்மானிக்கப்பட்டது" என்றால் நகரும்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதற்கும் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள். அது தகவல் அல்ல, விளக்கம். கடந்த மூன்று வருடங்களில் வட்டாரவாரியாக வடிகான் வேலைகளுக்கு ஒதுக்கிய தொகை, செலவழித்த தொகை, உங்கள் வீதிக்கான மதிப்பீட்டின் பிரதி, வீதிப் பதிவேட்டின் பக்கம் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

புதுக் காணிப் பிரிப்பு

ஊர் வளரும்போது மிக மலிவான வேலை, கட்டுவதற்கு முன் தடுப்பது. ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரிக்கும்போது, வீதிகள் நீங்கலாக 10 வீதத்தைப் பொதுத் தேவைக்கு விட வேண்டும் என்பது நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டமிடல் விதிகளில் நெடுங்காலமாக இருக்கும் நிபந்தனை. அதைத் தவிர்க்கப் பெரிய காணியை ஒவ்வொரு துண்டாக வேறு வேறு விண்ணப்பத்தில் கொண்டுவருவார்கள். பக்கத்துக் காணியில் நில அளவையாளர் கல் நாட்டுகிறார் என்றால் அன்றே சபையில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: முழுக் காணியின் பரப்பு என்ன, ஒதுக்கிய இடம் வரைபடத்தில் எங்கே, வடிகான் எங்கே போய்ச் சேர்கிறது. ஒதுக்கிய இடம் பள்ளமான மூலையாக இருந்தால் மறுக்க வேண்டாம், மாரியில் நீர் தேங்கி இறங்க அதுதான் இடம். அதைச் சபையின் பெயருக்கு எழுதி வாங்காமல் விட்டால், சில வருடத்தில் அங்கேயும் மதில் எழும்.

மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 15 மீற்றர் வைக்க வேண்டும். 6 பேர்ச், 8 பேர்ச் துண்டுகளில் உங்கள் மலக்குழிக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை யாரும் அளப்பதில்லை. மணல் நிலத்தில் கழிவு நீர் வேகமாக நகரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கட்டட அனுமதி நிலையிலேயே கூப்பிடுங்கள்.

குப்பையைப் பற்றி ஒன்றே ஒன்று. வாகனம் வரும் நாளும் நேரமும் உறுதியாக இல்லாத ஒழுங்கையில் பைகள் வடிகானுக்குள்தான் போகும். அதனால் வண்டியின் நேர அட்டவணையும் வடிகான் வேலையின் ஒரு பகுதி. பிரட்றிக் கோட்டைப் பக்கம் திரியும் புள்ளிமான்கள் பொலித்தீனைத் தின்பதைப் பார்த்தவர்களுக்கு, திறந்து கிடக்கும் பை எங்கெல்லாம் போய்ச் சேரும் என்று விளக்கத் தேவையில்லை.

வேலை நடக்கும்போது

மதிப்பீட்டின் பிரதி கையில் இருக்கட்டும். 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் தடிப்பு வீதிக்கு 45 கனமீற்றர் கொங்கிறீட் வேண்டும். வந்த சுமைகளை எண்ணினால் தடிப்புக் குறைகிறதா என்று தெரிந்துவிடும். ஒரு பக்கச் சரிவு 2.5 வீதம் என்றால் 3 மீற்றருக்கு 7.5 சென்ரிமீற்றர், வடிகான் பக்கமாக. கொட்டுவதற்கு முன் நூல் கட்டிப் பாருங்கள். கொட்டிய பிறகு சொல்லிப் பயன் இல்லை. கலவை ஓடவேண்டும் என்று தண்ணீர் விடுவதைத் தடுங்கள். போட்ட பிறகு குறைந்தது 7 நாள் சாக்கு விரித்து ஈரம் காக்க வேண்டும். கச்சான் காற்று மேற்பரப்பைச் சில மணி நேரத்தில் உலர்த்தி வெடிக்க வைக்கும். ஒப்பந்தகாரர் தண்ணீர் ஊற்றாத நாளில் வீட்டுக்காரர் ஊற்றினால் குறைந்துபோவது ஒன்றுமில்லை, வீதி நம்முடையது.

வடிகான் மூடிக்குக் கழுவாத கடல் மணல் வேண்டவே வேண்டாம். உப்பு கம்பியைத் தின்று, சில மாரிக்குள் மூடி கீழே விழும். 60 சென்ரிமீற்றர் சதுரத்தில் 7.5 சென்ரிமீற்றர் தடிப்பு மூடி சுமார் 65 கிலோ. தூக்கக் கொக்கி வைத்தால் இருவர் திறந்து துப்புரவு செய்யலாம். மூடியைப் பூசி ஒட்டினால் துப்புரவுத் தொழிலாளி உள்ளே பார்க்கவே முடியாது. வாசலுக்கு வாகனம் ஏற வடிகானை மண் போட்டு நிரப்பி, 10 சென்ரிமீற்றர் குழாயை வைத்து மேலே சீமெந்து பூசுவதுதான் நம் ஒழுங்கைகளில் வடிகானைக் கொல்லும் முதல் காரணம். வாசல் மூடிகளையும் ஒப்பந்தத்துக்குள்ளேயே சேர்க்கக் கேளுங்கள், ஒவ்வொரு வீட்டுக்காரரின் விருப்பத்துக்கும் விடாதீர்கள்.

ஒப்பந்தகாரரின் பணத்தில் ஒரு பகுதியைக் குறைபாட்டுக் காலம், அதாவது வேலையில் தெரியும் பிழையை அவரே திருத்த வேண்டிய காலம், முடியும்வரை சபை பிடித்து வைத்திருக்கும். அந்தக் காலம் எப்போது முடிகிறது என்று தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் திகதியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் பெருமழையன்று குடையோடு வெளியே வந்து, தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த மூட்டில் கசிகிறது, எந்த மூடி ஆடுகிறது என்று இடம் குறித்துப் படம் எடுங்கள். மழை விட்ட அந்தக் கிழமைக்குள், பிடித்து வைத்த பணம் விடுவிக்கப்படும் முன், அந்தப் படங்களும் பட்டியலும் சபையின் உள்வரும் பதிவில் இலக்கம் வாங்கியிருக்க வேண்டும்.